60,000 ரூபாய்க்கு நான் எழுத்தாளர் ஆன கதை

2022 ஜூன் மாதம், மில் ஆபீஸில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. "மேடம், உங்க நாவலை ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். ராத்திரி தூக்கமே வரல. இதை நாங்கதான் போடணும்." எழுந்து வெளியே போய், சைக்கிள் ஸ்டாண்டு தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ஆறு வருஷமாகக் காலை நாலரை மணிக்கு எழுந்து, அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் எழுதிய நாவல் அது. ஐந்து பதிப்பகங்களுக்கு அனுப்பியிருந்தேன். மூன்று இடத்திலிருந்து பதிலே இல்லை. நாலாவது ஆள் ஆறு மாதம் கழித்து ஞாபகப்படுத்தச் சொன்னார். ஞாபகப்படுத்தினேன், மறுபடியும் ஆறு மாதம் என்றார். அப்படிக் காய்ந்து கிடந்தவள் காதில் இந்த வார்த்தைகள் எப்படி விழுந்திருக்கும் என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் எல்லாம் சேர்த்து என் கையைவிட்டுப் போனது 84,500 ரூபாய். பதிப்பாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை, நாவலின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் விற்பதற்காக எழுதுகிறேன் என்பீர்கள்.

எனக்கு ராஜபாளையம் பக்கம். பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, சல்லடை மாதிரி இருக்கும் வெள்ளைத் துணி, அதுதான். என் அம்மா அங்கே தார் சுற்றியவள், அதாவது தறிக்குப் போகும் நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பவள். அந்த ஷெட்டில் வேலை செய்த மூன்று பெண்களைப் பற்றித்தான் நாவல். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது அட்டை விஷயத்துக்கு வரும்போது புரியும்.

முதல் போனில் பணப் பேச்சே வரவில்லை. நாலு நாள் கழித்து வந்த இரண்டாவது போனில்தான் "பங்களிப்பு" என்ற வார்த்தை வந்தது. பேப்பர் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, புது எழுத்தாளர் புத்தகம் என்றால் ரிஸ்க், ஆனாலும் உங்கள் எழுத்துக்காகச் செய்கிறேன் என்றார். வாட்ஸப்பில் பட்டியல் வந்தது. 500 பிரதிக்குப் பங்களிப்பு 48,000. அட்டை வடிவமைப்பு 5,000. மெய்ப்பு பார்க்க, அதாவது அச்சுப்பிழை திருத்த, 4,500. புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்க 2,500. ஆக 60,000. "நூலக ஆணை வந்துட்டா உங்க பணம் மொத்தமும் திரும்பிடும் மேடம், அதுக்கு நான் கேரண்டி" என்று கீழே ஒரு வரி, கும்பிடு போடும் கை பொம்மையோடு. நூலக ஆணை என்றால் அரசு நூலகங்களுக்காகப் புத்தகம் வாங்கும் ஆர்டர்.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "புஸ்தகம் போடுறதுன்னா அவங்கதான உனக்குக் காசு தரணும்?" என்று மட்டும் கேட்டார். உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று எரிந்து விழுந்தேன். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே உட்கார்ந்து பதில் தேடியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது. இரண்டரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். அப்போது மனசுக்கு ஒரு சமாதானமும் கிடைத்தது. பாரதியே 1920இல் தன் நூல்களை 40 பகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடுவதாகத் திட்டம் போட்டு, ஆளுக்கு 100 ரூபாய் கடன் கொடுங்கள், மாதம் 2 ரூபாய் வட்டி தருகிறேன் என்று எட்டயபுரத்திலிருந்து சுற்றறிக்கை விட்டவர்தானே, நாம் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திட்டம் நடக்கவே இல்லை என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

இப்போது கணக்கைச் சொல்கிறேன். புத்தகத்தை அச்சகத்தில் பக்கத்தால் அளப்பதில்லை, படிவத்தால் அளப்பார்கள். ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்கள்தான் படிவம். டெமி என்கிற வழக்கமான நாவல் அளவில் 16 பக்கம் ஒரு படிவம். என் நாவல் 240 பக்கம், அதாவது 15 படிவம். இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் ஏதாவது ஒரு அச்சகத்துக்கு போன் போட்டு, "15 படிவம், 70 ஜி.எஸ்.எம். தாள், பெர்ஃபெக்ட் பைண்டிங், 500 பிரதிக்கு எவ்வளவு, 100 பிரதிக்கு எவ்வளவு?" என்று இரண்டு நிமிடத்தில் கேட்டிருக்கலாம். ஜி.எஸ்.எம். என்பது தாளின் எடைக் கணக்கு, பெர்ஃபெக்ட் பைண்டிங் என்பது முதுகில் பசை போட்டு ஒட்டும் கட்டு. எங்கள் ஊரிலிருந்து சிவகாசி பஸ்ஸில் போய் வருகிற தூரம். நாடு முழுக்க அச்சடித்துக் கொடுக்கிற ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்த வாட்ஸப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பணம் கொடுத்துப் புத்தகம் போடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 2,500 கொடுத்தேன் இல்லையா? மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், எழுத்தாளரே சொந்தமாகவும் வாங்கலாம். இது தெரிய வந்த அன்று எனக்கு வந்த கோபம் மொத்தப் பணமும் போனபோதுகூட வரவில்லை.

ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் ஒன்றரைப் பக்கம். "நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சேரும்" என்று ஒரு வரி. ராயல்டி 10 சதவீதம் என்று ஒரு வரி. எத்தனை வருஷத்துக்கு, எத்தனை பிரதி, கணக்கு எப்போது காட்டுவார்கள், எதுவும் இல்லை. ரசீது மாதிரி நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து, வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தி மகன்தான் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எடுத்துக் காட்டினான். உரிமையை எழுத்தில் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கொள்ள வேண்டும். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை தானாகவே காலாவதியாகிவிடும். ஆக, அவர் தொட்டே பார்க்காத மின்னூல் உரிமையும் ஒலிநூல் உரிமையும் எனக்கே திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று அஜாக்கிரதையாக இருக்கவும் வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் அச்சுப் புத்தகம், மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு, சினிமா என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எத்தனை வருஷம் என்று ஒரு எண் இருக்கட்டும். கணக்கு காட்டும் மாதம் இருக்கட்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார் என்றால் அந்தச் சுளிப்பே உங்களுக்குப் பதில்.

மெய்ப்புக்கு வருகிறேன். நான் தட்டச்சு செய்தது, இப்போது எல்லா போனிலும் கணினியிலும் ஓடும் யூனிகோடில். அவர்களிடம் பக்கம் அமைப்பவர் பழைய எழுத்துரு ஒன்றில் வேலை செய்பவர். மாற்றும்போது மேற்கோள் குறிகள் எல்லாம் வேறு எழுத்துகளாக மாறிவிட்டன. பழைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் ஏதாவது ஒரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், அதுதான் காரணம். என் நாவலில் வாய் திறக்கிற ஒவ்வொருவரும் முதலில் "ஞீ" என்று சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். சாவு வீட்டுக் காட்சியில் கிழவி, "ஞீஐயோ, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுகிறாள். பி.டி.எஃப். இரவு பதினொரு மணிக்கு போனில் வந்தது, காலையில் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும் என்ற அவசரத்தோடு. விடிய விடியப் பார்த்து 214 இடங்களைக் குறித்து அனுப்பினேன். வந்த புத்தகத்தில் நாற்பதுக்கு மேல் அப்படியே இருந்தன. மெய்ப்புக்கு 4,500 வாங்கியவர்கள் ஒரு பக்கம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தாளில் பிரிண்ட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பத்து நாள் அவகாசம் கேளுங்கள். திருத்தியது மறுபடி வந்தபின்தான் சரி என்று சொல்லுங்கள். ஆறு வருஷம் எழுதியதற்குப் பத்து நாள் ஒன்றும் பெரிதில்லை.

அப்புறம் அட்டை. முன்னால் ஒரு ராட்டை, பின்னால் சூரிய அஸ்தமனம். பின்னட்டையில் "கைத்தறி நெசவாளர்களின் கண்ணீர்க் காவியம்" என்று பெரிய எழுத்தில். என் நாவலில் ஒரு கைத்தறிகூடக் கிடையாது. முதல் வரியே நாற்பது விசைத்தறிகளின் இரைச்சல்தான். ஒரே மூச்சில் படித்தேன் என்றாரே, முதல் வரிகூடப் படிக்கவில்லை. அந்த அட்டையைப் பார்த்தபடி நின்றபோது பணத்தைப் பற்றி நினைவே வரவில்லை. அந்த போன்தான் ஞாபகம் வந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் நின்று இரண்டு தடவை கேட்டேனே. அதற்குத்தான் 60,000.

சண்டை போட்டேனா என்றால் இல்லை. வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மண்டபம், மைக் செட், சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினருக்கு ரயில் டிக்கெட்டும் லாட்ஜும், பொன்னாடைகள், 120 பேருக்குக் கேசரி, வடை, காபி. எல்லாம் 21,400 ரூபாய். நாற்பத்தைந்து பேர் வந்தார்கள், அதில் முப்பது பேர் சொந்தக்காரர்கள். சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிஷம் பேசினார், தன் புத்தகங்களைப் பற்றி. மீதி வடையை மில் செக்யூரிட்டிக்கும் தெருவுக்கும் கொடுத்தோம். அன்று ராத்திரி அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத எழுதுனதுக்கு எவ்ளோ கூலி தந்தாங்க பாப்பா?" என்று கேட்டாள். தார் ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கியவள் அப்படித்தானே கேட்பாள். "இனிமேத்தாம்மா வரும்" என்றேன்.

இதில் என் சொந்த அபிப்பிராயம், யாருக்கும் கட்டாயமில்லை: முதல் புத்தகத்துக்கு மண்டபம் பிடிக்காதீர்கள். அந்தப் பணத்தில் நாற்பது பேருக்குப் புத்தகத்தைக் கூரியரில் அனுப்பலாம். உண்மையாகவே படிக்கிற நாற்பது பேரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், அந்தக் கஷ்டத்தைப் படுவது நல்லது.

2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், நூற்றுக்கணக்கான கடைகள், வாசலிலேயே தலை சுற்றியது. ஒரு மணி நேரம் தேடி அந்த அரங்கைக் கண்டுபிடித்தேன். என் புத்தகம் கீழ்த்தட்டில், முழங்காலுக்குக் கீழே, ஏழு பிரதிகள் படுக்கை வசத்தில் கிடந்தன, முதுகு சுவரைப் பார்த்தபடி. பெயர் தெரிய வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்து இழுத்துப் பார்க்க வேண்டும். கடைப் பையன் நகர்ந்த சமயத்தில் ஒன்றை எடுத்து மேல் தட்டில் நிமிர்த்தி வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி கீழே போயிருந்தது. இரண்டு மணி நேரம் எதிர்க் கடையில் புரட்டுவது மாதிரி நின்று பார்த்தேன். ஒருவரும் குனியவில்லை. இங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் பணம் கொடுத்தது அச்சடிப்பதற்கு மட்டும். கடைக்குப் போய், கண்ணில் பட்டு, ஒரு கை நீண்டு எடுக்கிற வரைக்கும் உள்ள தூரத்துக்கு யாரும் ஒரு பைசா செலவு செய்யவில்லை, செய்வதாகச் சொல்லவும் இல்லை. நானாகச் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

நூலக ஆணையும் அப்படித்தான். பதிப்பகம் விண்ணப்பித்து, புத்தகம் தேர்வாகி, அதற்கப்புறம் வாங்குவார்கள். தேர்வாகலாம், ஆகாமலும் போகலாம். அதற்குத் தனி ஆள் யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. கொடுத்தார் என்றால் அங்கேயே போனை வைத்துவிடலாம். ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். 1954ஆம் வருஷத்து நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். கன்னிமாராவுக்கு அனுப்பிய ரசீதைக் கேளுங்கள். நான் கேட்டபோது, "அதெல்லாம் ஆபீஸ் பையன் பாத்துப்பான் மேடம்" என்றார். விண்ணப்பத்தையும் அந்தப் பையன்தான் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் மௌனம். போன் எடுக்க மாட்டார். எடுத்தால் டிரைவிங்கில் இருப்பார். இந்தக் காலத்தில் நான் ஒரு வரி எழுதவில்லை. நாலரைக்கு விழிப்பு மட்டும் வந்துவிடும். படுத்தபடி போனில் யாராவது புத்தகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடுவேன். 84,500 ரூபாயைவிட அந்தக் காலைகள்தான் எனக்குப் பெரிய நஷ்டம். வேறு ஒருவர் பரிசு வாங்கிய செய்தியைப் பார்த்தால் வயிறு எரியும். அவர் நல்ல எழுத்தாளர் என்று தெரிந்தும் எரியும்.

2024 தொடக்கத்தில் திடீரென்று ஜிபேயில் 1,750 ரூபாய் வந்தது. "ராயல்டி" என்று ஒரு வார்த்தை, கணக்கு எதுவும் இல்லை. விலை 250, அதில் 10 சதவீதம் 25, ஆக 70 பிரதி விற்றிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மெய்ப்பு சமயத்தில் பழக்கமான, பக்கம் அமைக்கும் தம்பியிடம் இதை உளறினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, என் பேரைச் சொல்லிராதீங்க. அடிச்சதே 150தான்" என்றான். அதில் 100 பிரதி எனக்கு வந்துவிட்டது. மீதி 50இல் 70 விற்றது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன், அழுகை வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருக்க அவர் போட்ட தொகை அது. சம்பளக் கணக்கு போடுகிறவளிடமே கணக்கில் கோட்டை விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் செய்தது இரண்டுதான். சித்தி மகன் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்: எத்தனை பிரதி அச்சிட்டீர்கள், அச்சக பில் நகல் எங்கே, மீதிப் பிரதிகள் எங்கே, 15 நாளில் பதில் வேண்டும். போனில் ஒன்றரை வருஷம் கெஞ்சியதற்கு நடக்காதது அந்த ஒரு கடிதத்துக்கு நடந்தது. பணம் வரவில்லை. "நூலை ஆசிரியர் வேறு எங்கும் வெளியிட ஆட்சேபணை இல்லை" என்று மூன்று வரி வந்தது. பணத்துக்காக நுகர்வோர் மன்றம், கோர்ட் என்று போயிருக்கலாம். அலைய லீவு இல்லை, மனசிலும் தெம்பு இல்லை. போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். வாட்ஸப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். போனில் பேசியதை அன்றே, "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நான் பாதியைக் கோபத்தில் அழித்துவிட்டேன்.

கணக்கை முடித்துவிடுகிறேன். 60,000, விழா 21,400, சங்கிலியை மீட்கும்வரை வட்டி 12,600, மொத்தம் 94,000. கையில் இருந்த 100இல் 31 பிரதி விற்று 7,750, அந்த ராயல்டி 1,750. மீதி 84,500 போனது போனதுதான். மிச்சமிருந்த பிரதிகள் தானம், கரையான், கட்டிலுக்கு அடியில்.

2025இல் நானே அட்டையை மாற்றி, "ஞீ"க்களை ஒழித்து, 100 பிரதி அச்சடித்தேன். பிரதி 96 ரூபாய், 9,600இல் முடிந்தது. கடைகளுக்குக் கொடுத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளுபடி கேட்கிறார்கள், அதனால் பெரும்பாலும் நேரடியாகத்தான் விற்றேன். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலிலும் ஏற்றினேன், தமிழில் நாமே ஏற்றலாம், செலவில்லை. சத்திரப்பட்டியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பத்துப் பிரதி வைத்தேன். கடைக்காரர் கணக்கு நோட்டுகளுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக வைத்தார். ஒரு மாதத்தில் ஆறு போயிற்று.

அதில் ஒன்றை வாங்கியவர் போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தார். பின்னால் தறிச் சத்தம். "அக்கா, புக்குல இருக்க நம்பர்தான? 112ஆம் பக்கத்துல, ஊடை நூல் அறுந்ததும் தறி தானா நின்னுச்சுன்னு எழுதிருக்கீங்க. எங்க ஷெட்டுல அப்படியெல்லாம் நிக்காதுக்கா. ஊடை இல்லாமலே ஓடிட்டுக் கெடக்கும், நாமதான் பாஞ்சு போய் நிறுத்தணும். நிறுத்தலைன்னா கூலியில புடிச்சுக்குவாங்க. யாரு உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

அம்மா சொன்னது என்றேன். அவள் காலத்துத் தறி அப்படி இருந்திருக்கும். நோட்டை எடுத்து 112 என்று குறித்துக்கொண்டு, வேற என்ன தப்பு இருக்கு என்று கேட்டேன்.

"இன்னும் நாப்பது பக்கம் இருக்குக்கா. ஷிப்ட் முடிச்சுட்டு ஞாயித்துக்கெழம சொல்றேன்."